திரும்பக் கூப்பிடாத சீனாக்கா

இத்தாலியின் பலெர்மோவில் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விலையைக் கேட்பது, முகத்தைச் சுளிப்பது, கையில் இருந்ததை வைத்துவிட்டு நடப்பது. வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டால் பாதி வெற்றி. நான் யாழ்ப்பாணத்து ஆள். இந்த வித்தையை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சீனக் கடைக்கு முதல் தடவை போனபோதும் அதைத்தான் செய்தேன். வீட்டு வேலைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கறுப்புக் காற்சட்டை தேவைப்பட்டது. விலை கேட்டேன், சுளித்தேன், வைத்தேன், நடந்தேன். வாசல் வந்தது, கூப்பிடவில்லை. தெரு வந்தது, கூப்பிடவில்லை. சந்தி வரைக்கும் போய், பஸ் தரிப்பில் சும்மா நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தேன். கடைக்காரி அந்தக் காற்சட்டையை மடித்துப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். முதலில் சொன்ன விலைதான் விலை.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். எனக்கு வெட்கம் பாதி, கோபம் பாதி.

"காற்சட்டை உனக்குத்தான் வேணும். நான் ஏன் கூப்பிட வேணும்?" என்றார்.

இரண்டு பேரும் கதைத்தது ஓட்டை இத்தாலியனில். அவருக்குத் தெரியாத சொற்கள் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதவை அவருக்குத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் எப்படியோ ஒரு முழு மொழி வந்துவிடும். அதை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன், வேறு எப்படி எழுதினாலும் அது அவருடைய குரலாக எனக்குக் கேட்காது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. இத்தாலியர்களின் வாய்க்கு வசதியாக இன்னொரு பெயரும் வைத்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு அவர் சீனாக்கா. "அக்கா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அந்தச் சொல்லை எங்களிடமிருந்தே பிடித்துக்கொண்டார். என்னைப் "பிள்ளை" என்பார், அதையும் எங்களிடம்தான் பிடித்தார். பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் வடக்குப் பக்கம் வேறு நகரத்துக்கு மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பலெர்மோ என்றால் கடலுக்கும் முன்னால் எனக்கு ஞாபகம் வருவது அவர்தான்.

குள்ளமான, மெலிந்த மனுசி. தலைமயிரைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருப்பார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். கடையில் ஒரு முக்காலி இருந்தது, அது வாடிக்கையாளருக்கு. ஓகஸ்ட் வெயிலில் தெருவே எரிகிறபோதும் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஆவி பறக்கக் குடிப்பார். எனக்கும் ஊற்றித் தருவார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வருகிறவர்களிடம் "பாருங்கோ, எடுங்கோ, உங்களுக்கு வடிவாயிருக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டுமென்றால் வாங்கு, இல்லையென்றால் வழியை விடு. எங்கள் பெண்கள் கடையை விட்டு வெளியே வந்ததும் "சரியான லெவல் காட்டுறா, பெரிய ராணி எண்ட நினைப்பு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த கிழமையும் அங்கேதான் போவார்கள்.

வீட்டு வேலை முடிந்த பிற்பகல்களில் நான் அவருடைய கடையில் உதவிக்கு நிற்கத் தொடங்கினேன். அப்போதுதான் அந்த லெவல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் விளங்கியது.

எனக்கு வீட்டு வேலை தந்த சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மா, நல்ல மனுசி. ஒரு குளிர்காலத்தில் தான் போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு ஒன்றை எனக்குத் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சீனாக்கா துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல கோட்டு. நீ என்ன குடுத்தனி?"

"ஒண்டும் குடுக்கேல்லை அக்கா. அவ சும்மா தந்தவ."

"சும்மா எண்டு ஒண்டு இல்லை. நாளைக்கே ஏதாவது குடு. இல்லாட்டி அந்தக் கோட்டைப் போடுற ஒவ்வொரு நாளும் நீ அவவுக்கு முன்னாலை குனிஞ்சுதான் நிப்பாய்."

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். போனபின் அந்தச் சொல் விடவில்லை. அன்றிரவே உட்கார்ந்து பயத்தம் உருண்டை பிடித்தேன். சிஞ்ஞோரா அதை முதலில் முகர்ந்து பார்த்தார், பிறகு பயந்து பயந்து ஓரத்தில் கடித்தார், பிறகு பெட்டியை மூடி அலுமாரியில் மேல்தட்டில் வைத்துக்கொண்டார், கணவரின் கண்ணில் படாமல். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய மச்சாளுக்கும் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைச் சொல்லும்போது வேலையைச் சொல்லாமல் உருண்டையைச் சொல்லத் தொடங்கினார். கோட்டு எனக்கு அதற்குப் பிறகுதான் உண்மையில் சூடாக இருந்தது.

இன்னொன்று. அந்த நோய் சீனாவில் தொடங்கியிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன நாட்களில், இத்தாலிக்குள் அது சரியாக வந்துசேரும் முன்பே, ஆட்கள் சீனாக்காவின் கடைப் பக்கம் வராமல் எதிர்ப்பக்கத்தால் நடக்கத் தொடங்கினார்கள். கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு பெண் படியில் அவரைக் கண்டால் சால்வையால் மூக்கைப் பொத்துவார். எங்கள் ஆட்களில் சிலரும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டேன். அரசாங்கம் மூடச் சொல்லும் முன்பே சீனாக்கா கடையை மூடினார். கதவில் ஒரு கடதாசி ஒட்டினார்: "நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள்."

பிறகு ஊரெல்லாம் முகமூடிக்கு அலைந்தபோது சீனாவிலிருந்து அவருக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அவற்றைச் சின்னச் சின்னப் பொதியாகக் கட்டி அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு தபால்பெட்டிக்குள்ளும் போட்டார். சால்வைக்காரியின் பெட்டிக்குள்ளும்தான்.

"உங்களுக்குக் கோவம் இல்லையே அக்கா?" என்று போனில் கேட்டேன்.

"ஏன் இல்லாமல்? நல்லாக் கோவம். அதுக்காக முகமூடி குடுக்காமல் விடேலுமே?"

பிறகு, "பெட்டியளை அனுப்பினது தங்கச்சி" என்றார். அதைச் சொன்ன குரலில் சந்தோசம் குறைவாகத்தான் இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. கடலோரத்தில் இருந்த அவர்களுடைய ஊரில், இரண்டு சகோதரிகளில் ஒருவர் வெளிநாடு போவதென்றும் மற்றவர் படிப்பதென்றும் வீட்டில் முடிவெடுத்தார்கள். மூத்தவரான சீனாக்கா புறப்பட்டார். இங்கே ஒரு பட்டறையில் பை தைத்து, பிறகு சந்தையில் கடை போட்டு, பிறகு இந்தக் கடையை எடுத்து, தங்கச்சியைப் படிப்பித்தது அவர்தான். இடையில் கணவர் காலமாகிவிட்டார். இங்கே பிறந்த ஒரே மகள் வியா மக்வேதா தெருவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை செய்தாள். எப்போதும் சாமான் போனது இங்கிருந்து அங்கேதான். அங்கிருந்து இங்கே பெட்டி வந்தது அதுதான் முதல் தடவை.

நோய்க்காலம் முடிந்து வழி திறந்ததும் சீனாக்கா நெடுங்காலத்துக்குப் பிறகு ஊருக்குப் போனார். ஒலிவ் எண்ணெய், கோப்பி, தோல் கைப்பை, சப்பாத்து என்று கனமான பெட்டிகளோடு போனார். போனதைவிட வேகமாகக் கோபத்தோடு திரும்பி வந்தார். அங்கே அவருடைய பெட்டிகளைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. அதெல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறதாம். வயல் இருந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடங்கள், தங்கச்சி அதில் ஒன்றின் உச்சியில். முன்பு ஒரு நாள் முழுக்கப் போன பட்டணத்துக்கு இப்போது ரயிலில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடுகிறது. ஆனால் அவரைச் சுட்டது வேறொன்று.

"சந்தையிலை கீரை வாங்கப் போனனான். நோட்டை எடுத்து நீட்டுறன், அந்த மனுசி என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒரு சதுரப் படத்தைக் காட்டுறா. போனைக் காட்ட வேணுமாம். நோட்டு வாங்கி மிச்சம் குடுக்க அவவிட்டை ஒண்டும் இல்லை. எனக்குப் பின்னாலை ஆக்கள் வரிசையிலை. கடைசியிலை தங்கச்சிதான் வந்து தன்ரை போனாலை குடுத்தவள். பிள்ளை, கீரை விக்கிற மனுசி என்னைப் பாவம் பாத்தவ. ஐரோப்பாவிலை இருந்து வந்த என்னை!"

அடுத்த கிழமை பெரிய போன் ஒன்று வாங்கினார். மகளை இருத்தி எல்லாம் பழகினார். கடையில் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் அதே மாதிரிச் சதுரப் படம் ஒன்றை ஒட்டி வைத்தார். எங்கள் ஆட்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. இத்தாலியர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. சீனாக்கா கவலைப்படவில்லை. "எங்கடை ஊரிலை கீரை விக்கிறவைக்கே காசுப்பெட்டி தேவையில்லை, தெரியுமே?" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். தன்னை வெட்கப்படுத்திய அதே கீரைக்காரியை அவர் இங்கே நெஞ்சை நிமிர்த்திக் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்மேல் பாசமும் வந்தது.

அந்த ஊரே கடைசியில் அவருடைய கடைக்கும் வந்து சேர்ந்தது. பெண்பிள்ளைகள் வருவார்கள், சட்டையைத் தடவுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அதே சட்டை போனில் இன்னும் மலிவு, சீனாவிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறது. ஒருத்தி கடைக்குள் நின்றபடியே அதை வரவழைக்கப் போனில் பதிந்துவிட்டுப் போனாள். எனக்குக் கொதித்தது. சீனாக்கா சிரித்தார்.

"எங்கடை ஆக்களே என்னைத் தோக்கடிச்சுப்போட்டினம். எவ்வளவு கெட்டிக்காரர், பாத்தியே!"

தெருவில் இருந்த மற்றச் சீனக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. சிலர் வடக்கே போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். சீனாக்கா கடையின் பின்பாதியை வெறுமையாக்கி இரண்டு தையல் மெசின் வாங்கிப் போட்டார். காரணம் கேட்டேன். "போனிலை வாற உடுப்பு ஒருத்தருக்கும் அளவில்லை" என்றார். சரியாகத்தான் சொன்னார். கொஞ்ச நாளில் கடைக்குள் நின்று போன் குத்திய அதே பெண், இடுப்பில் நிற்காத சட்டையோடு வந்தாள். சீனாக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அவளைத் திருப்பி நிறுத்தி அளவெடுத்தார். என் வாய்தான் துருதுருத்தது.

ஆனாலும் அது புதுத் தொழில். நிலைக்குமா என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி வந்தார். சுற்றுலாக் கூட்டத்தோடு இத்தாலிக்கு வந்தவர், கூட்டத்தை ரோமில் விட்டுவிட்டு அக்காவைப் பார்க்கப் பலெர்மோவுக்கு வந்தார். மெல்லிய ஆள், நல்ல உடுப்பு, மெதுவான பேச்சு. பாதி வெறுமையாகக் கிடந்த கடையைச் சுற்றிப் பார்த்தார். மெசினைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் நான் போனபோது சீனாக்கா அந்த முக்காலியில் இருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள். தன்ரை வீட்டிலை எனக்கு ஒரு அறை ஒதுக்கிப்போட்டாளாம், வெயில் விழுற பக்கமாய்."

"அது நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதான். நல்லாப் பாப்பினம். காலமை எழும்பினால் 'சாப்பிடுங்கோ அக்கா' எண்டு கொண்டுவந்து வைப்பினம். நான் சாப்பிட்டுப்போட்டுச் சன்னலாலை பாத்துக்கொண்டு இருப்பன். அதுதான் எனக்குப் பயம்."

"அப்ப மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் அழுவாள். அக்காவைக் கஷ்டத்திலை விட்டிட்டுப் போறன் எண்டு சாகும்வரைக்கும் நினைப்பாள். அவளை அப்பிடி அனுப்பேலாது, பிள்ளை. நான் கஷ்டத்திலை இல்லை எண்டு அவள் தானாய் விளங்கிக்கொண்டு போகவேணும்."

பிறகு எழும்பினார். "ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நல்ல மத்தியானச் சாப்பாடு குடுக்கப்போறன். உன்ரை மனுசன் வேலை செய்யிற இடத்திலை. நீயும் வா."

என் கணவர் அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில், வள்ளங்கள் கட்டிக் கிடக்கிற கரையோடு இருந்த ஒரு மீன் ரெஸ்ரோரண்டில் பரிமாறுகிறவராக இருந்தார். இங்கே முழு மீன் கேட்டால், பரிமாறுகிறவர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தே தலையை வெட்டி எறிந்து முள்ளை நீக்கிச் சதையை மட்டும் தட்டில் வைப்பார். முதல்நாளே இவரிடம் சொல்லி வைத்தேன்: "சீனரும் எங்களைப் போலத்தான். தலையை எடுத்துப்போடாதேங்கோ, கோவிப்பினம்." இவர் பெரிய கெட்டிக்காரன் மாதிரித் தலையாட்டினார்.

சீனாக்கா, தங்கச்சி, மகள், நான். நாலு பேரும் இருந்தோம். முதல் தட்டுகள் வந்து போகும்வரை தங்கச்சி விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். ரயில், வைத்தியசாலை, வீட்டுக்குக் கீழேயே பூங்கா. எல்லாம் சீன மொழியில். மகள் எனக்குக் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். "சித்தி கேக்கிறா, இஞ்சை வருத்தம் வந்து படுத்தால் ஆர் பாப்பினம் எண்டு." சீனாக்கா தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மீன் வந்தது. நீளத் தட்டில், தலையும் வாலும் கண்ணும் இருந்தபடி, வாட்டி எடுத்த பெரிய மீன். எங்கள் வீட்டில் மீன்தலை யாருக்கு மரியாதையோ அவருக்குத்தான் போகும். அந்த மேசையில் இவருக்குத் தெரிந்த பெரிய மனுசி சீனாக்கா. ஆகவே இவர் மிகுந்த பக்தியோடு தட்டைத் தூக்கி வந்து, தலை சீனாக்காவைப் பார்க்க வைத்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போனார்.

மகள் என் முழங்கையை இடித்தாள். "ஐயோ அன்ரி. எங்கடை முறையிலை மீன்தலை விருந்தாளியைத்தான் பாக்கவேணும். வீட்டுக்காரரைப் பாக்கக் கூடாது. விருந்தாளி முதல் எடுக்குமட்டும் மற்ற ஒருத்தரும் தொடக் கூடாது."

தங்கச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னதை மகள் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள். "பாத்தீங்களே அக்கா, இஞ்சை உள்ளவைக்கும் தெரிஞ்சிருக்கு. இண்டைக்கு நீங்கள்தான் விருந்தாளி, இது என்ரை விருந்து. இனிமேலும் அப்பிடித்தான். நீங்கள் கஷ்டப்பட்டது போதும். முதல் நீங்கள் எடுங்கோ."

அன்போடுதான் சொன்னார். அதில் ஒரு சொட்டு நடிப்புக் கிடையாது. அதனால்தான் அதை மறுப்பது இன்னும் கஷ்டம். சீனாக்கா அந்த மீனை எடுத்து வாயில் வைத்தால் கதை முடிந்தது, அவர் அந்த வெயில் விழுகிற அறைக்குப் போய்விடுவார். எடுங்கோவன் அக்கா என்று தங்கச்சி இன்னொருமுறை சொன்னார்.

சீனாக்கா முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்தார். கண்ணாடிக் குவளைகள் ஒன்றிலும் முட்டாமல் மெல்ல, மிக மெல்லத் தட்டைச் சுற்றினார். மீனின் தலை என்னைக் கடந்தது, மகளைக் கடந்தது, தங்கச்சிக்கு நேரே வந்து நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"நீ தூரத்திலை இருந்து என்ரை ஊருக்கு வந்திருக்கிறாய்" என்றார். "எடு. ஆறப்போகுது."

தங்கச்சி எடுக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. தூரத்தில் நின்ற என் கணவர், மீனில்தான் ஏதோ பிழை என்று நினைத்து வெளிறிப்போய் நின்றார். சீனாக்கா இரண்டாவது தடவை எடு என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த மனுசியை நினைத்து அப்படி ஒரு பெருமை வந்தது, கண் கலங்கிவிட்டது.

தங்கச்சிக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மூக்கைத் துடைத்தார். பிறகு முள்ளுக்கரண்டியை எடுத்து, கன்னத்துச் சதையில் கொஞ்சம் பிய்த்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். அக்காவை நேரே பார்த்து ஒன்று சொன்னார். இந்தத் தடவை மகள் காதுக்குள் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகவே சொன்னாள்.

"அக்கா, உங்கடை ஊர் மீன் நல்ல ருசி."

சீனாக்கா என் கணவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அங்கிருந்த இத்தாலியர் அத்தனை பேருக்கும் கேட்கிற இத்தாலியனில் சொன்னார்:

"இன்னொரு மீன் கொண்டு வாங்கோ. என்ரை விருந்தாளிக்குப் பிடிச்சிருக்கு."